நெடும்பயணத்துக்கு முன் ஒரு முழுச் சோதனை: பழைய டூரிங் பைக்கும் ஒரு பணிமனையும்

என்னுடைய இரட்டைச் சிலிண்டர் டூரிங் பைக்குக்கு வயது இருபதுக்கு மேல். ஓடிய தூரம் 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மூவாயிரம் கிலோமீட்டர் பயணம் ஒன்றுக்கு முன்பாக, பழைய வண்டிகளுக்கென முழுச் சோதனை செய்து தரும் ஒரு பணிமனையில் அதை நான்கு நாட்கள் விட்டிருந்தேன். பயணம் முடிந்து திரும்பிவிட்டதால், செய்த வேலை எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் சேர்த்தே எழுத முடிகிறது.

வால்வு இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் நூலளவு இடம்) இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பதால், வண்டியை முந்தைய நாள் மாலையே விடச் சொன்னார்கள். அந்த ஒரு நிபந்தனையிலேயே எனக்கு அவர்கள்மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இன்ஜினில் சத்தம் ஏதும் இல்லையே, டேப்பட் மூடியைத் திறந்து இதை அளக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன். வால்வு அமரும் இடம் தேயத் தேய வால்வு மேலேறி இடைவெளி குறைந்துகொண்டே போகும் என்றும், சத்தம் அடங்குவதே அதற்கு அடையாளமாக இருக்கலாம் என்றும் மெக்கானிக் விளக்கினார். அவர் சொன்னது சரிதான்: கையேடு குறைந்தது 0.20 மி.மீ. கேட்கும் புகைபோக்கி வால்வு ஒன்றில், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜின் 0.13 மி.மீ. தகடே இறுக்கமாகத்தான் நுழைந்தது. அப்படியே நெடுந்தூரம் ஓட்டியிருந்தால் அந்த வால்வு முழுதாக மூடாமல், வெப்பத்தை வெளியேற்ற வழியின்றிக் கருகியிருக்கக்கூடும்.

மின்சாரப் பகுதியில் அவர்கள் காட்டிய பொறுமைக்கு முழு மதிப்பெண் தருவேன். பேட்டரியில் நின்ற நிலையில் 12.7 வோல்ட் இருந்தது; ஆனால் 5,000 ஆர்.பி.எம்.மில் அளந்தபோது 13.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை, அதாவது வண்டி ஓடும்போது பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகவில்லை. ஒரு புதிய பேட்டரியைத் தலையில் கட்டி அனுப்பிவைப்பது எளிதான வழி. இவர்களோ மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து, அதைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டருக்குச் செல்லும் மூன்று மஞ்சள் ஒயர்களின் இணைப்பானை (கப்ளர்) கழற்றிக் காட்டினார்கள்: ஒரு முனையைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. முனை துருப்பிடித்து மின்தடை கூடினால் அந்த இடம் சூடாகிறது, சூட்டில் முனை தளர்ந்து தடை இன்னும் கூடுகிறது. கப்ளரை மாற்றியதும் வோல்டேஜ் 14.2க்கு வந்தது, பயணம் முழுவதும் ஹெட்லைட்டும் இரண்டு கூடுதல் விளக்குகளும் எரிந்தபோதும் அதில் மாற்றமில்லை.

கூலன்ட், ஃபோர்க் ஆயில் சீல், சக்கர பேரிங்குகள் ஆகியவற்றைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கொதிநிலை இறங்கிப்போயிருந்த பிரேக் ஆயிலை இரு சக்கரங்களுக்கும் மாற்றி, டாட் 4 தரத்தில் புதிய ஆயில் ஊற்றியிருந்தார்கள். கிளட்ச் கேபிளின் லீவர் முனையில் இரண்டு இழைகள் பிரிந்திருந்ததைக் கண்டு அதையும் மாற்றிவிட்டு, கழற்றிய எல்லாப் பாகங்களையும் ஒரு பெட்டியில் போட்டு, எது எங்கிருந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள் டயரில் கோட்டைவிட்டது வியப்பளித்தது. "பட்டன் நன்றாக உள்ளது" என்று, டயரின் சாலையைத் தொடும் பரப்பிலுள்ள வார்ப்பைப் பற்றிச் சோதனைத் தாளில் குறித்திருந்தார்கள்; பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின் டயரின் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கக் குறி 1416. அதாவது அது 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் தயாரானது; பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. பட்டனின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகளும் இருந்தன. புதிய டயரை நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய குறை செயின். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கையேடு 30 முதல் 40 மி.மீ. வரை தொய்வு கேட்கும் இடத்தில் ஏறக்குறைய 20 மி.மீ. மட்டும் விட்டு முறுக்கியிருந்தார்கள். பார்வைக்குக் கச்சிதம்தான். ஆனால் சுமையேறிப் பின்பக்கம் அமுங்கும்போது, முன் ஸ்பிராக்கெட்டும் (செயின் ஓடும் பற்சக்கரம்), பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் சுழல் அச்சும் பின் சக்கர அச்சும் நேர்கோட்டுக்கு வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாகும். அப்போது விட்டுக்கொடுக்கத் தொய்வு இல்லையென்றால், அந்த இழுவை முழுவதும் கியர்பாக்ஸின் வெளிச்செல்லும் அச்சு பேரிங்கின் மீது விழும். பெட்டிகளையெல்லாம் கட்டி 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தபோது, மேடுகளில் பின்பக்கம் விறைப்பதைக் கவனித்ததால் இது தெரியவந்தது. புறப்பட மூன்று வாரங்கள் இருக்கும்போதே வண்டியைக் கொடுத்திருந்ததால் சரிசெய்ய அவகாசமும் கிடைத்தது. திரும்பக் கொண்டுபோனபோது தவறை உடனே ஒப்புக்கொண்டு, கட்டணம் வாங்காமல் சரிசெய்தார்கள்.

அடுத்த பயணத்துக்கும் வண்டியை இவர்களிடமே விடுவேன்; செயின் தொய்வை மட்டும், பெட்டிகளை ஏற்றி ஒருவரை மேலே உட்காரவைத்து நானே அளந்துகொள்வேன்.