.32 ரிவால்வர்: பல வருட அனுபவம், அந்தத் தோட்டாவின் ஆயுள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு நகை அடகுக் கடை. தங்கசாலைத் தெருவுக்கும் கடைக்கும் நகையோடும் பணத்தோடும் போய் வரவேண்டிய தொழில் என்பதால் அப்பா காலத்திலேயே துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. அவருடைய கான்பூர் தயாரிப்பான .32 ரிவால்வர் (.32 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் ரகம்) என் பெயருக்கு மாறி பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களும், வீட்டுப் பெரியவரின் துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றப் போகிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தோட்டா இன்னும் எத்தனை காலத்துக்குக் கிடைக்கும்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் என் மச்சினன், "மாமா, இங்க இந்த ரவுண்டு கேட்டா கடைக்காரனே யோசிப்பான். எல்லாம் நைன் எம்.எம்.தான்" என்பான். அந்த ஊர் நிலவரம் அப்படித்தான். 1990-ல் வந்த .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவை அமெரிக்கப் போலீஸ் துறைகள் ஓடி ஓடி வாங்கின. 9 மி.மீ. குண்டுகளின் தரம் கூடியதும் எஃப்.பி.ஐ.யே அதைக் கைவிட்டு 9 மி.மீ.க்குத் திரும்பியது. மற்ற துறைகளும் பின்னாலேயே போயின. 2003-ல் வந்த .45 கேப் என்ற தோட்டா எடுபடவே இல்லை. அதேசமயம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த 1983-ன் 10 மி.மீ. தோட்டா மறுபடி எழுந்து நிற்கிறது. அங்கே ஒரு தோட்டா நிலைப்பதும் மறைவதும் வாங்குபவர் கையில்.

இங்கே நிலைமை வேறு. 9 மி.மீ., .455 எல்லாம் நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட ரகம்; சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் பெரும்பாலும் .32-க்குத்தான் வரவேண்டும். சிலிண்டர் சுழலும் ரிவால்வர் என்றால் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா, மேகசின் போடும் பிஸ்டல் என்றால் .32 ஏசிபி தோட்டா. முதலாவது பிறந்தது 1896-ல், இரண்டாவது 1899-ல். இரண்டும் ஒரே எண்ணில் அழைக்கப்பட்டாலும் ஒன்றின் தோட்டாவை மற்றதில் போடக்கூடாது. வாங்கும்போது "முப்பத்திரண்டு கொடுங்க" என்று மட்டும் சொல்லாமல், ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்று சொல்லி, பெட்டியையும் படித்துப் பாருங்கள்.

பலம் குறைவுதான், மறுக்கவில்லை. 98 கிரெய்ன் (ஆறு கிராமுக்குச் சற்று மேல்) எடையுள்ள ஈயக் குண்டு நொடிக்கு 700, 800 அடி வேகத்தில் போகும். 9 மி.மீ.யின் ஆற்றலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது, மிகக் குறைவு. என்னைப் போல் எப்போதாவது பயிற்சிக்குப் போகிறவனுக்கும் இரண்டாவது குண்டு முதல் குண்டுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. கான்பூர் ரிவால்வர் பழைய பிரிட்டிஷ் வெப்ளி ரிவால்வரின் பாணி. மேலே உள்ள தாழைத் தள்ளினால் பேரல் (குழல்) முன்பக்கம் மடியும், நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற தகடு எழும்பி ஆறு காலிக் கேஸையும் (சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறை) ஒன்றாக வெளியே தள்ளும். பின்னால் உள்ள குதிரையை (சுத்தியலை) முதலில் இழுத்து வைக்காமல் ட்ரிகரை மட்டும் அழுத்திச் சுடுவது கடினம். விரலுக்குப் பழக்கம் வேண்டும். இத்தனை வருஷத்தில் ரிவால்வர் பழுது என்று எங்கும் கொண்டு போனதில்லை. பேரலுக்குள் ஈயம் படியும், சுட்ட அன்றைக்கே பிரஷ் போட்டால் வந்துவிடும்.

தொல்லை கொடுத்தது தோட்டாதான், அதுவும் எங்கள் காற்றால். காசிமேட்டுக் கடல்காற்று அடிக்கும் வீட்டில் பித்தளைக்கு ஓய்வே இல்லை. அப்பா காலத்து வழக்கப்படி தோட்டாக்கள் தோல் பவுச்சிலேயே இருந்தன. தோல் பதப்படுத்தும் பொருளும் ஈரமும் சேர்ந்தால் பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறும். அந்தப் பவுச்சிலிருந்து எடுத்த தோட்டாக்களைப் பயிற்சிக்குக் கொண்டு போனபோது சில வெடிக்கவில்லை. அப்படி ஆனால் துப்பாக்கி முனையை இலக்கை விட்டுத் திருப்பாமல் அரை நிமிஷமாவது பிடித்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்க வாய்ப்புண்டு. சத்தம் மெலிசாகக் கேட்டால் பேரலில் குண்டு சிக்கியிருக்கலாம். பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. இப்போது என் தோட்டாக்கள் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன. பழையதை முதலில் பயிற்சிக்குத் தீர்த்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

எந்தத் தோட்டாவுக்கு ஆயுள் முடிகிறது என்பதை எனக்குத் தெளிவாக்கியது 2019 ஆயுதச் சட்டத் திருத்தம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. கூடுதலாக வைத்திருந்தவர் ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பரம்பரைச் சொத்துக்கும் விலக்கு இல்லை. என்னிடம் அப்போது இந்த ரிவால்வரும், தாத்தாவின் பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியும், பெரியப்பாவின் .25 பிஸ்டலும் இருந்தன. அந்தப் பிஸ்டல் உள்ளங்கைக்குள் அடங்கும். நிக்கல் பூச்சு அப்படியே மின்னும். பெரியப்பா பிள்ளைகள், "அண்ணே, அது அவர் ஞாபகமா இருக்கட்டுமே" என்று கேட்டார்கள். ஆனால் கடை கடையாகக் கேட்டும் .25 தோட்டா இல்லை என்ற பதில்தான். மிச்சமிருந்ததும் பல வருஷப் பழசு. சுட முடியாத துப்பாக்கிக்காக, சுட முடிகிற ஒன்றை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பிஸ்டலை ஒப்படைத்தேன்.

தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கப் போகும்போதும் இதையே பார்க்கிறேன். வரிசையில் இருப்பவர்கள் கையில் .32, இல்லையென்றால் பன்னிரண்டு போர். வேறு ரகம் அபூர்வம். 1980-களில் இறக்குமதி நின்றதிலிருந்து இப்படித்தான் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

புதிய துப்பாக்கிகளும் .32-க்கே வருகின்றன. 2014-ல் பெண்களை மனதில் வைத்து அரைக் கிலோ எடையில் 'நிர்பீக்' வந்தது. 2023-ல் அதே கான்பூரிலிருந்து, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' வந்தது. 1896-ன் தோட்டாவுக்காக 2023-ல் புதிய ரிவால்வர் செய்கிறார்கள் என்றால் அதை யாரும் கைவிடப் போவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

விளையாட்டிலும் அதற்கு இடமிருக்கிறது. 25 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடும் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரையுள்ள தோட்டாக்களுக்கு அனுமதி; .32 அதற்குள் அடங்கும். உதை குறைவு என்பதால் பலர் எடுப்பது .32 வாட்கட்டர் என்ற தோட்டா, அதன் குண்டின் முகம் தட்டையாக இருக்கும், அட்டையில் விழும் ஓட்டை வட்டமாக, விளிம்பு கிழியாமல் இருக்கும். நம் துப்பாக்கி சுடும் வீரர் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான்.

ஆகவே .32 வாங்கலாமா என்றால், தயங்காமல் வாங்கலாம். பெரியவர் வைத்துவிட்டுப் போனது .25 என்றால், பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்கும் முன் தோட்டா கிடைக்கிறதா என்று டீலரிடம் விசாரியுங்கள். என் குறை ஒன்றே ஒன்று. லைசென்ஸ் புத்தகத்தில் அனுமதித்த எண்ணிக்கையையும் தோட்டா விலையையும் பார்த்தால் சாதாரண லைசென்ஸ்காரன் பயிற்சிக்கு யோசித்து யோசித்துத்தான் செலவழிக்க முடிகிறது. ரேஞ்சில் சுட்டு, காலிக் கேஸைக் கணக்குக் காட்டிவிட்டு வருபவனுக்குத் தனியாகப் பயிற்சி ஒதுக்கீடு கொடுத்தால், துப்பாக்கியை அலமாரியில் பூட்டியே வைத்திருப்பவர்கள் பலர் அதைப் பத்திரமாகக் கையாளவாவது கற்றுக்கொள்வார்கள்.