லொஜிஸ்டிக்ஸ் படிக்க அமெரிக்க கொம்யூனிட்டி கொலிஜா, கொழும்பா?

உயர்தரம் முடித்துவிட்டு லொஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் (சரக்கை வாங்கி, ஏற்றி, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை) படிக்க ஆசைப்படும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் பற்றித்தான்: அமெரிக்காவில் ஒரு கொம்யூனிட்டி கொலிஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி, இல்லையென்றால் இங்கேயே வேலை செய்துகொண்டு சி.ஐ.எல்.டி. (லொஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துத் துறைக்கான தொழில்சார் நிறுவனம்) தருவது மாதிரி ஒரு தொழில்சார் தகைமை. நாலு வருடப் பட்டம் வரைக்கும் செலவழிக்க வீட்டில் வசதி இல்லையென்றால் கொழும்பிலேயே இருங்கள் என்பேன். (மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கு இடம் கிடைத்தால் இரண்டையும் விட்டுவிட்டு அங்கே போய்ச் சேருங்கள்.)

கொம்யூனிட்டி கொலிஜ் நல்ல ஏற்பாடுதான். சுமார் 60 கிரெடிட் (பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி அலகு) முடித்துவிட்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம். ஆனால் மலிவு என்று சொல்லப்படும் கட்டணம் பொதுவாக அந்த மாநிலத்துக்காரருக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர் அதைவிடக் கூடக் கட்ட வேண்டிவரும். முதல் வருடம் வெளியே வேலை செய்ய முடியாது, கொலிஜுக்குள்ளே கிடைத்தாலும் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான். அசோசியேட் டிகிரியோடு நிறுத்தினால் ஓ.பி.டி. என்ற, படிப்புக்குப் பிறகான வேலை அனுமதி 12 மாதம், அதை ஸ்டெம் (விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) என்று நீட்டிக்க இளமானிப் பட்டமாவது வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. லொஜிஸ்டிக்ஸ் அசோசியேட் பல இடங்களில் ஏ.ஏ.எஸ். வகை, அதாவது நேரே வேலைக்குப் போகிறவருக்காக அமைத்தது, அதன் கிரெடிட் எல்லாவற்றையும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்காது. பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் நோக்கம் என்றால், அதற்கென்றே அமைந்த ஏ.எஸ். வகையில் பிஸினஸ் எடுப்பதே பாதுகாப்பு.

கொழும்பின் பலம் துறைமுகம். 2024இல் 20 அடிக் கணக்கில் 70 இலட்சத்துக்கு மேல் கொன்டெய்னர் கையாண்ட இடம், அதில் பெரும்பகுதி கப்பல் மாற்றிப் போகிற சரக்கு. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிரச்சினையில் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோது இங்கே நெரிசல் ஏறியது, வகுப்பில் அது ஒரு பாடம், இங்கே ஃபோர்வர்டிங் ஒஃபிஸில் (மற்றவர்களின் சரக்கை அனுப்பி வைக்கும் நிறுவனத்தில்) இருந்தவர்களுக்கோ "என்ட சாமான் எங்க?" என்று கேட்ட வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய பதில்.

எச்.எஸ். கோட்டை, அதாவது கஸ்டம்ஸில் ஒவ்வொரு பொருள் வகைக்கும் உள்ள இலக்கத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, அதற்குப் பிறகு இலங்கையில் 8 வரை, அமெரிக்காவில் 10 வரை போகும். அங்கே படித்துவிட்டு வந்தாலும் நம் கஸ்டம்ஸ் தீர்வையையும் கஸ்டெக் என்ற சுங்கப் பிரகடனப் படிவம் நிரப்புவதையும் இங்கேதான் பழக வேண்டும். கோட் பிழைத்தால் பெட்டி துறைமுகத்தில் கிடக்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். பில் ஒஃப் லேடிங்கையும் (கப்பல் கம்பெனி தரும் சரக்குப் பத்திரம்) டெலிவரி ஓர்டரையும் (சரக்கை விடுவிக்கும் கட்டளை) கையில் வைத்துக்கொண்டு துறைமுகத்திலும் கஸ்டம்ஸிலும் ஓடித் திரியும் வாஃப் கிளார்க்கிடம் கற்பது எந்தப் பாடத்திட்டத்திலும் முழுசாக வராது.

குறை இல்லாமல் இல்லை. ஆரம்பச் சம்பளம் சிறியது, வேலை முடிந்து களைத்துப்போய் வகுப்புக்குப் போக வேண்டும், பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளை இதுதான் அதிகம் தடுக்கிறது, பாடம் அல்ல. அதனால் உயர்தரப் பரீட்சை முடிந்த உடனே, ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல், ஆங்கிலத்தைப் பிடியுங்கள்.

வசதி இருக்கிறது, அமெரிக்காதான் என்று முடிவெடுத்தவர்கள் பணம் கட்டுமுன் கொலிஜின் ஆலோசகரிடம் ஒரேயொரு விஷயத்தை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: இந்தப் பாடங்களில் எவற்றை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும்?