ராயல் கனின் யூரினரி எஸ்/ஓ: டிரை ஃபுட்டா, பவுச்சா?

பூனைக்குச் சிறுநீர்ப் பையில் கல் என்றதும் டாக்டர்கள் அடிக்கடி எழுதித் தரும் தீவனங்களில் இது ஒன்று. நல்ல தீவனம்தான். ஆனால் எந்தக் கல் என்று தெரியாமல் போட்டால் காசுதான் கரையும்.

ஸ்ட்ருவைட் கல்லை (மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்து உருவாகும் கல் வகை) இது கரைக்கும். சிறுநீரில் அமிலத்தன்மை சற்றுக் கூடுகிறது. உப்பு கூடுதலாக இருப்பதால் பூனை அதிகம் தண்ணீர் குடித்து, சிறுநீரும் நீர்த்துப் போகிறது. ஆனால் இன்னொரு வகையான கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்தத் தீவனமும் கரைக்காது. சிறுநீர்ப் பரிசோதனையிலும் கவனம் வேண்டும்: மாதிரியை ஃபிரிட்ஜில் வைத்திருந்து மறுநாள் கொடுத்தால், உடம்புக்குள் இல்லாத படிகங்கள் பாட்டிலிலேயே உருவாகிவிடும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

டிரை ஃபுட்டா, பவுச்சா (ஈர உணவுப் பாக்கெட்) என்றால் பவுச்தான். 4 கிலோ பூனைக்கு உணவில் கிடைப்பதையும் சேர்த்து நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை. 85 கிராம் பவுச் ஒன்றிலேயே கிட்டத்தட்ட 70 மில்லி தண்ணீர் இருக்கிறது. டிரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம்கூட இல்லை. விலை கட்டுப்படியாகாதவர்கள் நாளைக்கு ஒரு பவுச் வைத்து, மீதிக்கு டிரை ஃபுட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். நம் ஊர் வெயிலில் ஊறிய தீவனம் சீக்கிரம் கெடும். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பலன் தெரியவில்லை என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கூடவே கருவாடு, மீன், பால், கடைத் தின்பண்டம். நாக்குக்கு அவை ருசி. தீவனத்தின் கணக்கு அங்கேயே கெட்டுவிடுகிறது. பழைய உணவைத் திடீரென நிறுத்துவதும் தப்பு. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். புதியதைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கடுவன் பூனை திரும்பத் திரும்ப லிட்டர் பாக்ஸில் (பூனை கழிக்கும் மணல் தட்டு) உட்கார்ந்து முக்கியும் சொட்டுச் சிறுநீர் வரவில்லையா? அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். தீவனம் வாங்கவும் அது நேரமில்லை. சிறுநீர்ப் பாதை அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுபோகும். உடனே டாக்டரிடம் கொண்டுபோய் கேதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டாக வேண்டும். தீவனமெல்லாம் அதற்குப் பிறகு.

வைரஸ் நோய்களுக்கும் இந்தத் தீவனத்துக்கும் சம்பந்தமில்லை. காலிசிவைரஸுக்கு (பூனைக்குச் சளிக் காய்ச்சல் தரும் வைரஸ்) தடுப்பூசி போட்ட பூனைக்கும் கல் வரும். இந்தத் தீவனம் தின்னும் பூனைக்கும் தடுப்பூசி வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ள பூனைக்கும், குட்டிக்கும், சினைப் பூனைக்கும் இது கூடாது. சிறுநீரை அமிலமாக்கும் மருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது. ஸ்ட்ருவைட் என்றால் மூன்று நான்கு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். கல் அளவு குறையவே இல்லையென்றால், அது வேறு கல்லாக இருக்கலாம்.