சிம் லிம் ஸ்கொயரில் பழைய திங்க்பேடுக்கு மெமரி: எங்கே வாங்கினேன், எப்படிப் பார்த்து வாங்கினேன்

அப்பாவின் மடிக்கணினிக்குக் கூடுதல் மெமரி (ரேம்) போட வேண்டும், வேலை அவ்வளவுதான். அதற்கே மூன்று வாரம் ஓடிவிட்டது. இரண்டு இடத்தில் காசு கொடுத்தேன், கடைசியில் சிங்கப்பூரின் கணினிக் கடை வளாகமான சிம் லிம் ஸ்கொயரில் ஒரு சின்னக் கடையில்தான் காரியம் முடிந்தது. பழைய கணினியை இன்னும் சில வருடம் ஓட்ட நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கணினி லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230. 2012இல் வந்த மாடல், இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5, உள்ளே ஒரே ஒரு 4ஜிபி மெமரி ஸ்டிக். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு நின்றுபோனது, விண்டோஸ் 11 இந்த வயதுப் பிராசசரை ஏற்றுக்கொள்ளாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு 2ஜிபி இருந்தாலே ஓடும், 4ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். ஓடத்தான் செய்தது. ஆனால் அப்பா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்த நாட்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் ஸ்கேன் செய்த பழைய படங்கள், இன்னொரு பக்கம் தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் பழைய தமிழ் முரசுப் பக்கங்கள், நடுவில் எழுதும் கோப்பு. மூன்றும் திறந்திருந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும். புதுசு வாங்கிக்கொள்ளலாம்ப்பா என்றேன். "கீபோர்டுக்கு விரல் பழகிடுச்சுடா, எனக்கு இது போதும், இதையே சரி பண்ணிக் குடு" என்றார். தமிழ்99 விசைப்பலகை முறையில் வேகமாகத் தட்டுகிறவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகளில் அந்தக் கீபோர்டு ஆழம் கிடையாது.

முதலில் இணையத்தில் தனிநபர் ஒருவரிடம் இந்த வயதுக் கணினிக்கான டிடிஆர்3எல் வகையில் 8ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கினேன், 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து வாங்கிக்கொண்டேன். வகை சரி, வேகம் 1600 சரி, ஊசி எண்ணிக்கை 204 சரி, எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டால் பவர் விளக்கு மட்டும் எரிகிறது, திரை கருப்பு. கழற்றித் துடைத்து மாட்டினேன், மற்ற ஸ்லாட்டில் மாட்டினேன், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினேன், அதே கருப்பு. பழைய 4ஜிபியைத் திருப்பிப் போட்டதும் உடனே எழுந்துகொண்டது. விற்றவரைக் கேட்டால் தன் கணினியில் நன்றாக ஓடியது என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பணம் திரும்பி வரவில்லை. 2012 செப்டம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம், அதாவது லெமன் சட்டம், கடையில் வாங்கிய பழைய பொருளுக்குக்கூடப் பொருந்தும், ஆனால் ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் பொருந்தாது. மெமரி மாதிரிப் பொருளைப் பழையதாக வாங்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாலைந்து வெள்ளி கூடப்போனாலும் கடை நல்லது.

சரி, சிம் லிம் ஸ்கொயருக்கே போய்விடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். சிம் லிம் என்றதும் பலருக்கு 2014இல் ஒரு வியட்நாமியச் சுற்றுப்பயணி கைப்பேசிக் கடையில் மண்டியிட்டு அழுத காணொளிதான் ஞாபகம் வரும். அந்தக் கடைக்காரர் அடுத்த வருடம் சிறைக்கும் போனார். அந்தப் பெயர் கட்டடம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. அது மேல்தளங்களில் பல வருடமாக உதிரி பாகமும் பழுதுபார்ப்புமாக உட்கார்ந்திருக்கும் கடைகளுக்கு அநியாயம். ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம், தேக்காவிலிருந்தும் (லிட்டில் இந்தியா) நடக்கலாம். நான் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தேன்.

முதலில் ஏறிய நாலைந்து கடையில் டிடிஆர்3 என்றதுமே தலையாட்டிவிட்டார்கள். ஒரு கடையில் புது மடிக்கணினி விலைப்பட்டியலை நீட்டினார்கள். ஐந்தாவது தளத்தில் ஒரு மூலைக் கடை, கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய சீன அங்கிள் ஒருவர் மட்டும். கடைப் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன், தனி ஆள், கூட்டம் வந்தால் பார்க்க முடியாது, வேண்டாம் என்றார். அதனால் போடவில்லை. மேல்தளங்களில் பழைய மடிக்கணினி விற்கிற, பழுதுபார்க்கிற கடையாகப் பார்த்துக் கேளுங்கள், இந்த மாதிரிச் சரக்கு அங்கேதான் இருக்கும்.

எத்தனை ஜிபி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எந்த மாடல் என்றுதான் கேட்டார். கணினியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், வாங்கி அடிப்பக்கம் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் படித்தார். அப்புறம் நான் வாங்கி ஏமாந்த ஸ்டிக்கைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேபிளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், ஒரு விநாடிகூட ஆகவில்லை, "திஸ் ஒன் கெனாட் லா" என்றார்.

அந்த லேபிளில் 8ஜிபி 1ஆர்×8 பிசி3எல்-12800எஸ் என்று இருந்தது. அவர் மேசைக்குள்ளிருந்து எடுத்த சாம்சங் ஸ்டிக்கில் 8ஜிபி 2ஆர்×8 பிசி3எல்-12800எஸ் என்று இருந்தது. வித்தியாசம் அந்த 1, 2 மட்டும்தான். 2ஆர் என்றால் இரண்டு வரிசை, மொத்தம் பதினாறு சிப், ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். 1ஆர் என்றால் ஒரே வரிசை, எட்டே எட்டு சிப், ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட். கூட்டிப் பார்த்தால் இரண்டுமே 8ஜிபிதான், ஆனால் நான்காம் தலைமுறை வரைக்குமான இன்டெல் பிராசசர்களுக்கு 8 ஜிகாபிட் டிடிஆர்3 சிப்பை வைத்துப் பேசத் தெரியாது. ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் அது வேலை செய்யும். எனக்கு விற்றவரிடம் இருந்தது அந்த வயதுக் கணினியாகத்தான் இருக்க வேண்டும். இதே காரணத்தால், 16ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாமா என்று எக்ஸ்230 வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். இரண்டு ஸ்லாட், ஆளுக்கு 8, மொத்தம் 16, அதுதான் உச்சவரம்பு.

மற்ற எழுத்துகளையும் அவரே விரல் வைத்துக் காட்டினார். 12800 என்பது 1600 வேகம், கடைசி எஸ் மடிக்கணினிக்கான சின்ன ஸ்டிக், எல் என்றால் 1.35 வோல்ட். எல் இல்லாத டிடிஆர்3 1.5 வோல்ட். எக்ஸ்230க்கு எது போட்டாலும் ஓடும், ஆனால் நான்காம் தலைமுறை மெல்லிய மடிக்கணினிகளுக்கு 1.35 மட்டும்தான். எது என்று குழப்பமாக இருந்தால் எல் போட்டதையே எடுங்கள், அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

இரண்டு 8ஜிபி ஸ்டிக், பயன்படுத்தியவை, 40 வெள்ளி சொன்னார். ஒன்று மட்டும் வாங்கி என் 4ஜிபியோடு சேர்த்து 12 ஆக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஓடும், ஆனால் இரண்டும் ஒரே அளவாக இருந்தால் முழு மெமரியும் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகமாக ஓடும், இந்தக் கணினியின் கிராபிக்ஸ் அதே மெமரியைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது, படம் பார்க்கிறவருக்கு அது தெரியும் என்றார். நியாயமாகப் பட்டது. பழைய 4ஜிபியை வாங்கிக்கொண்டு 36 வெள்ளிக்கு முடித்தார்.

அவர் மாட்டிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தார், மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று. ஸ்டிக்கின் தங்க நிறப் பற்களைச் சாதாரணப் பள்ளி அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தார், துகளை ஊதவில்லை, பிரஷால் தட்டினார். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும் என்றார். பிறகு சாய்வாக உள்ளே செருகிக் கீழே அழுத்தினார், இரண்டு பக்கக் கொக்கியும் ஒரே நேரத்தில் டிக் என்று விழுந்தது. பற்களின் தங்கக் கோடு வெளியே தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். நான் வீட்டில் மாட்டியபோது இதில் பாதிகூடச் செய்திருக்கவில்லை. அப்புறம் யுஎஸ்பி டிரைவில் இருந்து மெம்டெஸ்ட் என்ற மெமரி சோதனை நிரலை ஓட விட்டு, ஒரு சுற்று முடியும்வரை உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடையில் வந்த இரண்டு பேரைப் பார்த்து அனுப்பினார், என் கணினியை அவசரப்பட்டு நிறுத்தவில்லை.

குறை என்றால், கார்டு வாங்க மாட்டார், ரொக்கம் அல்லது பேநவ் (கைப்பேசிவழி வங்கிப் பணமாற்றம்). உத்தரவாதம் ஒரு மாதம் என்று பில்லில் எழுதினார், எனக்கு மூன்று மாதம் எழுதியிருந்தால் பிடித்திருக்கும். சில நாள் மதியத்துக்கு மேல்தான் கடை திறக்கிறார், காலையிலேயே போய் நிற்காதீர்கள். ஆனால் பில்லில் ஸ்டிக்கின் பாகஎண் முழுவதையும் கையால் எழுதிக் கொடுத்தார். இது எனக்கு மிகவும் பிடித்தது, பின்னால் மாற்றவேண்டி வந்தால் இதுதான் ஆதாரம். வேறு கடையில் வாங்கினாலும் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மேசைக் கணினிக்குத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே டிடிஆர்3 ஸ்டிக் 240 ஊசி, இணையத்தில் மிக மலிவாகக் கிடைப்பதில் நிறைய சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை, வீட்டுக் கணினியில் எழாது. ஏஎம்டிக்கு மட்டும் என்று சின்னதாகப் போட்டு விற்பதும் உண்டு, இன்டெல் வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை, விண்டோஸில் சிபியு-இசட், இரண்டில் ஒன்றை ஓட்டி இப்போது உள்ளே இருப்பது என்ன வகை, எத்தனை ஸ்லாட் என்று குறித்துக்கொண்டு போங்கள். முடிந்தால் கணினியையே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

வீட்டில் இரவு முழுக்க மறுபடி மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. இப்போது அப்பா படங்கள், முரசுப் பக்கங்கள், கோப்பு எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பழைய பாட்டும் ஓட விடுகிறார், மெமரி பாதிகூட நிரம்பவில்லை.

என்னிடம் மிஞ்சிய அந்த 1ஆர் ஸ்டிக்கை அங்கிள் தன்னிடம் இருந்த ஒரு ஐந்தாம் தலைமுறைக் கணினியில் போட்டுக் காட்டினார், முதல் தடவையே எழுந்தது. தூக்கிப் போடாதே என்று ஒரு காகித டேப்பில் '5ஆம் தலைமுறை முதல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதி அதன் பையில் ஒட்டிக் கொடுத்தார். என் சித்தி மகனிடம் எக்ஸ்250 இருக்கிறது, அதில் இருப்பதே ஒரு ஸ்லாட், 4ஜிபியோடு திணறிக்கொண்டிருந்தான். போன வாரம் அவன் வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுத்தேன், அழிப்பானால் தேய்த்து, பிரஷால் தட்டித்தான்.