டியூக் காமாக் கற்றை: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அமெரிக்காவின் வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது எச்ஐஜிஎஸ் (உயர்செறிவுக் காமா மூலம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) காமாக் கதிர் நிலையம். அணுக்கருவைக் காமாக் கதிரால் தூண்டி, அது திருப்பி உமிழ்வதை அளப்பதற்காகப் பல வருடமாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக வர நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேமிப்பு வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள் முதலில் லேசர் ஒளியை உண்டாக்குகின்றன. அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பின்னால் வரும் எலக்ட்ரான்கள் மீதே நேருக்கு நேர் மோதுகிறது. 500 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள எலக்ட்ரான் மேல் பச்சை ஒளி மோதினால், 2.3 இவி ஒளித்துகள் சுமார் 8.6 எம்இவி காமாவாகத் திரும்பி வரும். ஐம்பது மீட்டருக்கும் அப்பால் ஈயத்தில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே வருவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆற்றல் விரிவு 3 விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிடும்.

பலரும் கற்றையின் செறிவைத்தான் புகழ்வார்கள். எனக்கு இதன் பெரிய வரம் தளவிளைவுதான், அதாவது கதிரின் மின்புலம் ஒரே திசையில் அதிர்வது. கற்றை கிட்டத்தட்ட முழுமையாகத் தளவிளைவுற்றது. இலக்கைச் சுற்றி 90 டிகிரியில் இரண்டு ஜெர்மானியம் டிடெக்டர்களைக் கிடையாகவும் இரண்டைச் செங்குத்தாகவும் வைக்கிறோம். மின்புலம் கிடையாக இருக்கும்போது, இரட்டை-இரட்டை அணுக்கருவின் (புரோட்டான், நியூட்ரான் இரண்டும் இரட்டை எண்ணிக்கையில் இருப்பது) மின் இருமுனைக் கிளர்வு செங்குத்து டிடெக்டர்களில் மட்டும் தெரியும். காந்த இருமுனை கிடை டிடெக்டர்களில் மட்டும். இரண்டு நிறமாலைகளையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். மேலே உயர்ந்து நிற்கும் உச்சி, கீழே அதே ஆற்றலில் அநேகமாக இருக்கவே இருக்காது. பாரிட்டி (இட அச்சுகளைப் புரட்டினால் நிலையின் குறி மாறுமா என்பது; இங்கே மின் இருமுனைக்கு எதிர், காந்த இருமுனைக்கு நேர்) என்னவென்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். பேரியம்-138-இல் 5 முதல் 6.5 எம்இவி வரையிலான இருமுனை நிலைகளுக்கு எதிர்ப் பாரிட்டி என்று 2002-இல் காட்டியது இந்த வழியில்தான். அணுக்கருவின் மேல்தோலாக இருக்கும் உபரி நியூட்ரான்கள் உள்ளகத்துக்கு எதிராக அசைகின்றனவா என்ற கேள்விக்குள் போக, பாரிட்டி உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டும்.

இன்னொரு நன்மை, கற்றையின் ஆற்றலுக்குக் கீழே பின்னணி குறைவு. கிளர்வுற்ற நிலைகள் தரைநிலைக்கு நேராக இறங்காமல் இடையில் முதல் 2+ நிலை (தற்சுழற்சி 2, நேர்ப் பாரிட்டி) வழியாகப் போனால், அந்தக் கடைசிப் படியின் கோடும் தெளிவாகக் கிடைக்கும். பிரேம்ஸ்டிராலுங் கற்றையில் (எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தும்போது வரும், எல்லா ஆற்றலும் கலந்த காமா) அந்தப் பகுதி பின்னணியில் மூழ்கியிருக்கும்.

சரி, கஷ்டங்கள். ஒரு நேரத்தில் ஒரு குறுகிய ஆற்றல் பட்டைதான் கிடைக்கும். 4-இலிருந்து 9 எம்இவி வரை பார்க்க வேண்டுமானால் படிப்படியாக ஏற வேண்டும், ஒவ்வொரு படிக்கும் கற்றையைப் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டும். எந்த அணுக்கருவில் எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது, முதலில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இருப்பது போன்ற பிரேம்ஸ்டிராலுங் கற்றையில் ஒட்டுமொத்தமாகப் பார்த்துவிட்டு இங்கே வருவதே நல்லது. இரண்டாவது கஷ்டம் இலக்கு. செறிவூட்டிய ஐசோடோப்பு கிராம் கணக்கில் தேவை. விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. லேசரின் கண்ணாடிகளும் கதிர்வீச்சில் மெல்ல மெல்லத் தேயும். அலைநீளம் குறையக் குறைய இது கூடும். அதனால் அதிக ஆற்றல் கேட்கும்போது நேரத்தைத் தாராளமாகக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், இதைத் தள்ளிப் போடவே கூடாது: கற்றையின் ஆற்றல் வடிவத்தை, அதாவது காமாக்கள் எந்த ஆற்றலில் எவ்வளவு என்பதை, ஒவ்வொரு படியிலும் அளந்துவிடுங்கள். செம்புத் தகடுகளை இடையில் வைத்துக் கற்றையைத் தணித்து, ஒரு ஜெர்மானியம் டிடெக்டரை நேரே அதன் பாதைக்குக் கொண்டுவந்து சில நிமிடம் எண்ணினால் போதும். எத்தனை காமா இலக்கில் விழுந்தது என்பதற்குப் போரான்-11-ஐ இலக்கோடு சேர்த்து வையுங்கள். அதன் 4.445, 8.920 எம்இவி கோடுகளின் வலிமை நன்றாகத் தெரிந்தது. அந்த ஆற்றல்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை இலக்கு இல்லாத ஓட்டங்களும் வடிவ அளவீடும் சேர்ந்துதான் சொல்லும். இவை கையில் இல்லாத தரவிலிருந்து குறுக்குவெட்டு (அணுக்கரு காமாவை ஏற்கும் வாய்ப்பின் அளவு) எடுக்க முடியாது.