வெள்ளி வேலை பழகப் போறியளோ? நான் போற பட்டறையைப் பற்றி

கேம்பஸ் படிச்சுக்கொண்டே கையால நகை செய்யப் பழகலாமோ எண்டு கனபேர் கேக்கினம், அதான் எழுதுறன். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில மினுங்குற நகைக்கடையளுக்குப் பின்னால, கன்னாதிட்டிப் பக்கம் போற ஒழுங்கையொண்டில இருக்கிற சின்னப் பட்டறை, போர்ட் எல்லாம் இல்லை, வயசான பத்தர் ஒராள்தான் சொல்லித்தாறார், சனி ஞாயிறு மட்டும்.

மணி கோர்த்து ரெசின் ஊத்தித் தோடு செய்யிற கிளாஸ் தேடுற ஆக்களுக்கு இது சரிவராது. துவக்கத்தில வெள்ளியைக் கண்ணிலயும் காட்டமாட்டார், செப்புத் தகடுதான். அதில கோடு கீறி, மெல்லிய வாளால கோடு பிசகாம அறுக்கோணும். அலகு சும்மா சும்மா முறியும், எல்லாருக்கும் முறியும், அந்தக் காசு எங்கட கணக்கில. தங்கம்? கேக்கவே வேண்டாம், தொட விடமாட்டார்.

ஓடர் மோதிரத்துக்கு அளவு போடுறது சொல்லித்தந்த விதம் எனக்குச் சரியாப் பிடிச்சுது. விரலுக்கு உள்விட்டம் 17 மில்லிமீற்றர், தகடு 1.5 மில்லிமீற்றர் தடிப்பு எண்டால் ரெண்டையும் கூட்டி 3.14 ஆல பெருக்கோணும், 58 சொச்சம் வரும், அவ்வளவு நீளம் வெட்டு. தடிப்பைக் கூட்டாம விட்டால் கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் கட்டையாப் போகும், மோதிரம் மொளியைத் தாண்டாது. மனுசன் இதை மனக்கணக்கில போடுவார், நாங்கள் போனைத் தட்டிக்கொண்டு நிப்பம்.

பொடி வச்சு ஊதுறதுதான் உண்மையான பாடம். பொடி எண்டால் வளைச்ச தகட்டின்ர ரெண்டு நுனியையும் ஒட்டுற, வெள்ளிக்கு முதல் உருகிற கலப்பு உலோகம். வெண்காரத்தை, அதான் போராக்ஸை, கல்லில தண்ணி விட்டு உரைச்சுப் பொருத்தில தடவி, பொடியைக் கடுகளவா வெட்டி அதில வைக்கோணும். நெருப்பைப் பொடியில நேர காட்டப்படாது, மோதிரத்தைச் சுத்திச் சுத்திக் காட்டோணும், முதல்ல வெண்காரம் பொங்கி அடங்கும், பிறகு வெள்ளி மங்கல் சிவப்பாகும், அந்த நேரம் பொடி சடாரெண்டு உருகிப் பொருத்து நீளத்துக்கு ஒரு பளபளத்த கோடா ஓடும். உடன நெருப்பை எடுக்காட்டி மோதிரமும் சேர்ந்து உருகிடும். பிறகு பார்த்தால் எல்லாம் கறுத்துக் கிடக்கும், பயப்பிடாதேங்கோ, 925 வெள்ளியில 1000க்கு 75 பங்கு பெரும்பாலும் செப்புத்தான், அது சூட்டில கறுக்கும், அமிலத் தண்ணியில போட்டெடுத்தால் வெளுக்கும்.

எனக்கு ஏறாத விசயம் ஒண்டு இருக்கு. வெள்ளியை அண்டைய விலைக்கு நிறுத்துத்தான் எங்களுக்குத் தாறார், ஆனால் அராவேக்க தட்டில விழுற தூளும் வெட்டுத் துண்டும் பட்டறைக்காம். காசு குடுத்தது நாங்கள் எல்லே! கேட்டால் "அது தொழில் வழக்கம் தம்பி" எண்டு சிரிப்பார். அவரோட சண்டை பிடிக்க மனமும் வராது, ஆனால் சேர முதலே இதைக் கதைச்சு வையுங்கோ. கல் பதிக்கிறதும் இங்க இல்லை. சான்றிதழும் இல்லை, அது வேணுமெண்டால் கொழும்புக்குக் கிட்ட கடுவலையில அரசாங்கத்தின்ர இரத்தினக்கல் ஆபரணப் பயிற்சி நிறுவனம் இருக்கு, அங்க விசாரியுங்கோ.

ஊதேக்க நெருப்பு ஆடக்கூடாதெண்டு ஃபேனையும் நிப்பாட்டுவினம், சித்திரை வெக்கையில உயிர் போகும். பருத்திச் சேட் போட்டுப் போங்கோ, நைலோன் வேண்டாம்.

அதோட கலியாண சீசனில பத்தர் பொன்னுருக்குக்கு, அதான் தாலிக்குப் பொன் உருக்கிற சடங்குக்கு, வீடு வீடாப் போயிடுவார், கிளாஸ் இல்லையெண்டு விடியத்தான் கோல் வரும். அதால மார்கழியில சேருறது திறம், கலியாணமும் இல்லை வெக்கையும் இல்லை. என்ன, மழை பெய்தால் ஒழுங்கையில வெள்ளம் நிக்கும், செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் போகோணும்.