மைனஸ் 6 என்று போட்டிருந்தால் நம்பி வாங்கிவிடாதீர்கள்

மலையில் இரவு தங்கப் போகிறவர்கள், அதிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) வாங்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். எங்களுக்கு இது நடந்தது 2024 ஜனவரியில். இன்னும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

நான் தலவாக்கலைப் பக்கம். தங்கச்சி மகனுக்கு 16 வயது. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் ஒரு இரவாவது கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். சரி என்று அனுமதி எல்லாம் எடுத்துவிட்டு, ஸ்லீப்பிங் பேக் தேடியபோது கொழும்புக் கடை ஒன்றின் விளம்பரம் பேஸ்புக்கில் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் பனிக்காலத்தில் மான் வேட்டைக்குப் போய் நாள் கணக்கில் காட்டில் தங்குகிறவர்கள் பாவிக்கும் பை, உள்ளே அசல் வாத்து இறகு, மைனஸ் 6 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தார்கள். நமக்கு வேட்டையோடு சம்பந்தம் இல்லை, தேசியப் பூங்காவுக்குள் அது குற்றமும்கூட. ஆனால் அப்படிப்பட்ட குளிரில் படுக்கிறவர்களுக்கே போதுமென்றால் நமக்குப் போதாதா என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை வைத்துத்தான் விற்கிறார்கள்.

தொலைபேசியில் கேட்டேன். “அண்ணே, நுவரெலியாக் குளிரெல்லாம் இதுக்கு ஒண்ணுமே இல்ல, பனியனோட படுத்தாலும் வேர்க்கும்” என்றார். ஒன்று 18,500 ரூபாய். இரண்டுக்கு 37,000 ரூபாயை வங்கியில் போட்டேன்.

பட்டிப்பொலயில் ரயிலை விட்டு இறங்கும்போதே காற்று வெட்டியது. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது. சமவெளி அதற்கும் மேலே, 2,100 மீட்டருக்கு மேல். ஜனவரி, பெப்ரவரியில் வானம் மேகமில்லாமல் தெளிந்திருந்தால் நிலத்தில் பகலெல்லாம் ஏறிய சூடு இரவில் அப்படியே போய்விடும், விடியும் முன் புல்லில் துகள் உறைபனி விழும். அதே பனியில்தான் நம் தோட்டங்களில் கொழுந்து கருகுகிறது. அன்றைக்கும் வானம் நட்சத்திரமாகத்தான் கிடந்தது.

பதினொரு மணிக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. முதுகிலும் தோளிலும் கோடு போட்டதுபோலக் குளிர். ஏனென்று அப்புறம்தான் புரிந்தது: மேல்துணியையும் உள்துணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல் ஓடும் இடத்தில் பஞ்சே இல்லை. ஸிப்புக்குப் பின்னால் காற்றை மறிக்கும் பட்டை இல்லை. தலைப்பக்கம் இழுத்துக் கட்ட நாடாவும் இல்லை.

இரண்டு மணிக்கு மருமகனைக் கூப்பிட்டேன். “மாமா” என்று சொல்லவே அவனுக்கு நேரம் எடுத்தது. பல் அடித்துக்கொண்டிருந்தது, வார்த்தை குழறியது. உடம்புச் சூடு ஆபத்தாக இறங்குகிறது என்பதற்கு இது அடையாளம். நடுக்கம் நின்றுபோனால் அது தேறிவிட்டது என்று அர்த்தமில்லை, இன்னும் மோசம் என்று அர்த்தம். அவனுடைய பையை என் பைக்குள் நுழைத்து இரண்டுக்குள்ளும் அவனைப் படுக்க வைத்தேன். கூடாரத்துக்கு வெளியே சின்ன கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, போத்தலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டு நெஞ்சோடு அணைக்கச் சொன்னேன். (எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனொக்சைடு வாசமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.) அதற்கு மேல், அம்மா கொழுந்து எடுக்கப் போன காலத்தில் தலையில் போட்ட பழைய கம்பளி. பாரம் வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்காமல் அம்மாதான் திணித்து அனுப்பியிருந்தார். அந்தக் கம்பளி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. நான் ஜாக்கெட்டோடு உட்கார்ந்தே விடிய வைத்தேன். நான்கு மணிக்கு என் சின்ன வெப்பமானி காட்டியது 3 டிகிரி. மைனஸ்கூட இல்லை, பிளஸ் 3.

வீட்டுக்கு வந்து பையை உள்வெளியாகப் புரட்டினேன். கால்பக்கத் தையலுக்குள் விரல் நகம் அளவு துணிச்சீட்டு ஒன்று. கம்ஃபர்ட் 10, லிமிட் 6, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 6. விஷயம் முழுவதும் இந்த மூன்று எண்ணில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் 2002இல் வந்த ஈஎன் 13537 என்ற தரமும், பிறகு அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 23537 தரமும் பைகளை இப்படித்தான் பிரிக்கின்றன. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து எப்படியோ இரவைக் கழிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் தூக்கத்துக்கான எண்ணே இல்லை. ஆறு மணி நேரம் உயிர் போகாமல் தாங்கலாம், உடம்புக்குக் கேடு வரலாம் என்று எச்சரிக்கும் எண். அதைத்தான் உறையில் கொட்டை எழுத்தில் அடித்து விற்றிருக்கிறார்கள். பையின் தையலைப் பிரித்தேன். ஒரு இறகு இல்லை, வெறும் பொலியெஸ்டர் பஞ்சு.

பொலியெஸ்டர் என்பதற்காகப் பை கூடாது என்று சொல்லவில்லை. நம் மலையில் மூடுபனியும் ஈரமும் அதிகம். நனைந்தால் இறகு சுருண்டு சூட்டை விட்டுவிடும், நல்ல செயற்கைப் பஞ்சு ஓரளவு தாங்கும். எனக்குக் கோபம் பொய் சொன்னதில்.

கடைக்கு அழைத்தேன். “மைனஸ் 6னு அதுல போட்டிருக்குதானே, அது பொய் இல்லையே அண்ணே” என்றார். இறகைப் பற்றிக் கேட்டதும் பாவித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று வைத்துவிட்டார். அன்று மாலையே என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார்கள். நல்லகாலம், விளம்பரத்தின் படமும் வங்கிச் சீட்டும் என்னிடம் இருந்தன. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். பணம் இன்னும் வரவில்லை.

நீங்கள் வாங்கும்போது துணிச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாவிட்டால் விட்டுவிடுங்கள். சமவெளிக்கு ஜனவரியில் போவதென்றால் கம்ஃபர்ட் எண் 0 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தையல் வழியாக வெளிச்சம் வரிவரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குளிரும் அதே வழியில் வரும். கீழே விரிக்கும் பாயையும் மறக்காதீர்கள். நாம் படுத்ததும் முதுகுக்கடியில் பஞ்சு நசுங்கிவிடும், அங்கே பாய்தான் காக்கும். நாங்கள் கொண்டுபோனது மெல்லிய ரெஜிஃபோம் நுரை விரிப்பு. அது என் தவறு, அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு பையும் வீட்டில்தான் இருக்கின்றன, ஒன்று தையல் பிரித்தபடி. தலவாக்கலை, ஹட்டன் பக்கம் யாராவது வாங்கும் முன் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் சொல்லுங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன்.